மார்ஜரி கொண்டுபோன பெட்டி

மார்ஜரி பிஸ்னஸ் கிளாஸில் ஏறியது வசதியால் அல்ல, வேறு இடம் இல்லாததால்தான். 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தைப் புலிகள் தாக்கிய பிறகு பல விமானக் கம்பனிகள் கொழும்புப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டன. மிஞ்சியவற்றில், லண்டனில் இருந்த இலங்கையர் எவரும் விரும்பி ஏறாத ஒரு கம்பனியில்தான் இடம் இருந்தது. அதிலும் பின்பக்கம் நிரம்பிவிட்டது. லண்டனில் பதினாறு வருடம் தாதியாக உழைத்தவள், முதன்முறையாகத் திரைச்சீலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

எல்லாம் தம்பி ஒஸ்வல்டுக்காக. கலேவெலப் பக்கத்துத் தோட்டங்களில் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் லொறிக்காரன் அவன். ஒன்பது நாளுக்கு முன் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் லொறியைச் சோதித்த பொலிஸார், சாரதி இருக்கைக்குக் கீழே இரண்டு வோக்கி டோக்கிகளைக் கண்டெடுத்தார்கள். அவன் மகளின் பிறந்தநாளுக்கு மார்ஜரி அனுப்பிய விளையாட்டுச் சாமான் அது. பிள்ளை அப்பாவோடு லொறியில் போனபோது மறந்து விட்டுவிட்டு வந்திருந்தது. லொறியில் தொடர்புக் கருவி, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், வெளிநாட்டில் ஒரு அக்கா. அவனைப் பிடித்து வைத்துக்கொள்ள அது போதுமாக இருந்தது.

ஒஸ்வல்டின் மனைவி டொறீன் மாத்தளையிலிருந்து தொலைபேசியில் பேசியபோது அழவில்லை. "அண்ணி, வெளையாட்டுச் சாமான்னு நாங்க சொன்னா நம்பமாட்டேங்குறாங்க. அனுப்புனவங்களே வந்து சொல்லட்டுமாம்" என்றாள்.

மார்ஜரி அதே கடைக்குப் போய் அதே சாமானை மறுபடி வாங்கினாள். பிரிக்காத அந்தப் பெட்டி இப்போது அவளுடைய கைப்பையில் இருந்தது.

இருக்கை சரியில்லை. பொத்தானை அழுத்தினால் கால் பலகை மட்டும் மேலே வந்தது, முதுகு அசையவில்லை. பணிப்பெண் வந்து முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு இன்னொரு தலையணை கொடுத்தாள். எதிரில் இருந்த டிவித் திரை ஒரு வரைபடத்தில் உறைந்து நின்றது. இரண்டு மணி நேரமாக விமானம் ஒரே கடலின் மேலேயே இருந்தது. வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்று பழகிய கால்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்தாள், திரைச்சீலைவரை நடந்தாள், திரும்பி வந்து பையைத் திறந்து பார்த்தாள்.

"பையில தங்கமா ஈக்குது, தங்கச்சி? பத்துத் தரம் தொறந்து பாத்துட்டீங்க" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். பெயர் ஸக்கரியா, கலேவெலையில் வெங்காய வியாபாரம். மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மற்றவர்களைவிட இவர்கள் கூடுதலாகச் சாமான் ஏற்ற விடுவார்கள் என்று மருமகன் இந்த விமானத்தில் பதிந்து கொடுத்தானாம். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மார்ஜரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "இத எடுத்துக்கிட்டா கட்டுநாயக்கவுல எறங்கப் போறீங்க? இந்த நேரத்துலயா? தம்பிய எடுக்கப் போயி நீங்களும் உள்ள போயிருவீங்க. சீட்டுக்குக் கீழ வச்சிட்டு எறங்குங்க. பெட்டியில உள்ள படத்தக் கிழிச்சுக் காட்டினா போதும்."

"படத்த நம்புவாங்களா, ஹாஜியார்?"



இடையில் விமானம் மாறி ஏறியபோதும் அதே பெட்டி, அதே யோசனை. கட்டுநாயக்க நெருங்கியதும் அதை இருக்கைக்குக் கீழே தள்ளினாள். உடனே வெளியே எடுத்தாள். மறுபடி தள்ளினாள். தரை இறங்கும்போது ஓடுபாதைக்கு அப்பால் கருகிய விமானமொன்றின் வால் தெரிந்தது. ஒளித்து வைத்தால் இது ஒளிக்க வேண்டிய சாமான் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடாதா என்று அவள் நினைத்தாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஸக்கரியா பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க, தங்கச்சி. நான் முன்னுக்குப் போறேன். ஒங்களோட சேர்ந்து நிக்க எனக்குப் பயம்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

சுங்கத்தில் அவர்கள் கேட்கும் முன்பே, பெட்டியை மேசைமேல் வைத்துச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். நான்கு பேர் கூடிவிட்டார்கள். அவளை ஒரு அறையில் இருத்தி அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் வயதான ஓர் அதிகாரி வந்து பெட்டியைப் பிரித்தார். தன் டோர்ச்சிலிருந்து பற்றரியைக் கழற்றி அவற்றில் போட்டு, ஒன்றைக் கொடுத்து ஒருவனை மண்டபத்தின் மறுகோடிக்கு அனுப்பினார். அவன் நாற்பது தப்படி நடப்பதற்குள் பேச்சு அறுந்து இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அவர் சிரித்துவிட்டார்.

"கொண்டுபோங்கள்."

"எழுதித் தாருங்கள், மாத்தயா."

"எழுதினால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள்."

"என் தம்பியைப் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதித் தரும்வரை நான் எழும்ப மாட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஒரு படிவத்தில் 'சிறுவர் விளையாட்டுப் பொருள், இரண்டு' என்று எழுதி முத்திரை குத்தினார்.

வெளியே வந்தபோது மூன்று மணி நேரம் கடந்திருந்தது. வேன்கள் நிற்கும் இடத்தில் ஸக்கரியா நின்றுகொண்டிருந்தார்.

"நான் போயிட்டேன், தங்கச்சி. பாதி வழி போயிட்டேன். மனசு கேக்கல்ல. வேனைத் திருப்பச் சொல்லிட்டேன். ஏறுங்க."

அன்று மாலையே அவர் அவளை, ஒஸ்வல்டை வைத்திருந்த பொலிஸ் நிலையத்தில் இறக்கினார். இந்த முறை ஒதுங்கி நிற்காமல் கூடவே உள்ளே வந்தார். படிவத்தை வாசித்தார்கள், மறுநாள் வரச் சொன்னார்கள், அதற்கு மறுநாளும் வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒஸ்வல்டை விட்டார்கள்.

பாதியாக இளைத்திருந்தான். இடது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அக்காவைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே ஒண்ணுமே அனுப்பாதக்கா" என்பதுதான்.

மார்ஜரி அந்தக் கையைப் பிடித்து விரல் விரலாக அசைத்துப் பார்த்தாள். இரண்டு விரல்கள் மடியவில்லை.

திரும்பிப் போக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை டிக்கட். திகதியை மாற்ற முடியாது என்று கம்பனிக்காரர்கள் கையை விரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த விமானம் புறப்பட்ட நேரத்தில் மார்ஜரி மாத்தளை ஆஸ்பத்திரியில் நின்று, தம்பியின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த இளம் தாதியிடம், "மணிக்கட்டுக்கிட்ட இன்னும் கொஞ்சம் இறுக்குங்க மகள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.