கடைசியாக ஏறியவர்

என் திருடன் போன ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் வழுக்கிச் செத்தான். கத்தி இல்லை, சாபம் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் தன் தடித்த ஃபைலைப் புரட்டினார். ஈரச் செருப்பு, கல் படி, கையில் விளக்கு, மூன்றையும் கூட்டினார். பகடையை உருட்டச் சொன்னார். ஒன்று விழுந்தது. கதை முடிந்தது.

எங்கள் விளையாட்டு அவ்வளவுதான். மெக்கானிக் கதை சொல்வார். நாங்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் போட்டு, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். பகடையை எப்படி உருட்டுவது என்பதை ஃபைல் முடிவு செய்யும். கதவைத் திறப்பதற்கே அதில் நாலு பக்கம். கீல் துருப்பிடித்திருந்தால் தனி அட்டவணை.

என் சாவைப் பார்த்து மாமாதான், அக்கா புருஷன், கொதித்தார்.

"ஃபைல மூடி வைங்க. மனுஷனுக்குப் பொது அறிவு போதும். நடக்கிற மாதிரி இருந்தா நடக்கும், இல்லன்னா இல்ல."

மெக்கானிக்கின் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் மூடினார்.

இந்த ஞாயிறு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஃபைல் டம்ளர் வைக்கும் பலகையாகக் கிடந்தது. கதைக்குள் அக்காவின் வீராங்கனை ஒரு கிணற்றில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். அடியில் டிராகன் வாயைப் பிளந்து தூங்கியது. இரண்டு வருடமாக அக்கா வளர்த்த ஆள் அவள். கண்ணில் பட்ட எதையும் விட்டதில்லை. முதுகில் ஏழு வாள், ஒரு பட்டறைக் கல், ஏதோ ராஜாவின் குளியல் தொட்டி. போதாக்குறைக்கு மூட்டைக்குள் மாமாவின் மந்திரவாதி, எலி அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருந்தார். இறங்கும் நேரத்தில் "என்னையும் தூக்கிக்கோ" என்று தொற்றிக்கொண்டவர்.

"பொது அறிவுப்படி," என்றார் மெக்கானிக், மாமாவைப் பார்க்காமல், "இந்த எடைக்குக் கயிறு அறுந்துடும்க்கா."

"எந்த ரூல்ல?"

"ரூலத்தான் மூடியாச்சே."

அக்கா மாமாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அட்டவணை தேவைப்படவில்லை. பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, உங்க லிஃப்ட்ல கயிறு அறுந்திருக்கா?"

தொழிலைத் தொட்டுவிட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் கை பட்ட லிஃப்ட்லயா? சரித்திரமே கிடையாது. ஏத்துற எடையப்போல பல மடங்கு தாங்குற கயிறுதான் போடுவோம்."

"எடை கூடிப்போச்சுன்னா?"

"நகராது. மணி அடிக்கும். யாராவது இறங்குற வரைக்கும் அடிக்கும்."

"அப்ப அதான் பொது அறிவு."

தன் வாயால் ஒரு கயிற்றை அறுக்க அவருக்கு மனம் வரவில்லை. "சரி, கயிறு நிக்குது. மணி அடிக்குது."

"கிணத்துக்குள்ள ஏதுய்யா மணி?" என்றார் மாமா.

"எங்கயோ இருக்கு. டிராகன் ஒரு கண்ணத் திறக்குது."

"அந்தத் தொட்டியத் தூக்கிப் போடேம்மா."

"ராஜா குளிச்சதுங்க."

"வாளு ஏழு இருக்கே."

"செட்டு. பிரிக்கக் கூடாது."

டிராகன் இரண்டாவது கண்ணையும் திறந்தது.

"மணி அடிச்சா லிஃப்ட்ல யாருண்ணே இறங்கணும்?" என்று கேட்டேன். செத்தவனுக்கு வேறு வேலை இல்லை.

"கடைசியா ஏறினவங்க."

அக்கா மறுபடி மாமாவைப் பார்த்தாள்.

"நான் எலி சைஸுல இருக்கேன்," என்றார் மாமா. "என் எடை என்ன பெரிய எடை?"

"மந்திரத்துல உருவந்தான் சுருங்கும், எடை சுருங்காது," என்றார் மெக்கானிக்.

"எங்க எழுதியிருக்கு? ஃபைல எடுங்க. பக்கத்தக் காட்டுங்க."

"எங்கயும் எழுதலங்க," என்றாள் அக்கா. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

மூட்டைக்குள் கைவிட்டு, மந்திரவாதியைக் காலரைப் பிடித்துத் தூக்கி, கீழே விட்டாள். மணி நின்றது. வீராங்கனை குளியல் தொட்டியோடு கரை ஏறினாள். மந்திரவாதி நேராக டிராகனின் வாய்க்குள் விழுந்தார்.

"பொது அறிவுப்படி..." என்று மெக்கானிக் ஆரம்பித்தார்.

மாமா கையை நீட்டி டம்ளரை நகர்த்தினார். ஃபைலை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

"மெல்லுதா, முழுங்குதா? அதுக்கு ரூல் இருக்கா?"

மெக்கானிக்கின் முகத்தில் பல்பு எரிந்தது. "பத்துப் பக்கம் இருக்கு. ஆனா ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியா உருட்டணும்."

"உருட்டுவோம். ஒரு பல்லு விடக்கூடாது," என்ற மாமா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல்ல, அதுக்குச் சொத்தைப் பல்லு இருக்கான்னு பாருங்க."