சுவரில் வைத்த கை

மூன்று வால்பேப்பர் துண்டுகளையும் சுவரில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, தஸ்லிமா நாலடி பின்னால் போய் நின்றாள். முதல் துண்டு கோரைப்புல்லைப் பாய் மாதிரி நெய்தது. நடுவில் இருந்தது சணல். கடைசித் துண்டு கார்க், மரப்பட்டையை மெல்லிசாகச் சீவித் தாளின்மேல் ஏற்றியது. ஸ்கூடாயில் பழைய தாமான் குடியிருப்பு ஒன்றின் மூலை வீட்டை யாரோ வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். படுக்கையறைக்கு இன்னும் கட்டில்கூட வரவில்லை. ஏணியடியில் உட்கார்ந்து பசை கலக்கிக்கொண்டிருந்த சாந்தினி, இந்தப் பிள்ளை எதைத்தான் எடுக்கப்போகிறாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதை எடுத்தாலும் ஒட்டப்போவது அவள்தான்.

"சணல் வேணாம்" என்று நடுத்துண்டைக் கழற்றினாள் தஸ்லிமா. வீட்டு அலங்காரம் படித்தவள். "தூசி உள்ள போயி உக்காந்துக்கும். இது சின்னப் பிள்ளை படுக்கிற ரூம், அதுக்கு இளைப்பு இருக்கு. பிளாஸ்டிக் வாடையே ஆகாதுன்னுதான் வினைலையும் வீட்டுக்காரங்க வேணாம்னுட்டாங்க. அவங்களுக்குப் புல்லுதான் ரொம்பப் புடிச்சிருக்கு."

"அப்ப புல்லே போட்டுருவோம் மிஸ்" என்றார் ஹேமநாதன். வால்பேப்பர் கான்ட்ராக்டர். சாந்தினிக்குச் சம்பளம் கொடுப்பவர்.

"இல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். ஓதம் இருந்தா புல்லு பூசணம் புடிச்சிரும். அப்படி இருந்தா பைப்பைச் சரி பண்ணிட்டு, இந்தச் சுவருக்குக் கார்க் போடணும். காஞ்ச சுவரா, ஈரச் சுவரா? அதத் தெரிஞ்சுக்காம நான் எடுக்க முடியாது."

"அதுக்குப் போயி ஏன் மண்டைய ஒடைச்சுக்கிறீங்க? நம்ம அக்கா கைய வச்சா சொல்லிருவாங்க. பதினெட்டு வருசம் லா! மெஷினெல்லாம் அவங்ககிட்டத் தோத்துப்போயிரும்."

சாந்தினி பசை கலக்குவதை நிறுத்தினாள்.

அந்தப் பேச்சு பொய்யும் இல்லை. ஒரு காலத்தில் அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, பத்து எண்ணுவதற்குள் சொல்லிவிடுவாள். இங்கே ஈரம், இதற்குமேல் ஒரு சாண் வரை காய்ந்திருக்கிறது என்று பென்சிலால் கோடே போட்டுக் கொடுப்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இப்போது அந்தக் கை செத்து எட்டு மாதமாகிறது. இனிப்புநீர் நோய். முதலில் பாதம் மரத்தது, அப்புறம் விரல், அப்புறம் உள்ளங்கை. கையுறை போட்டுக்கொண்டே சோறு பிசைகிற மாதிரி இருந்தது. செடெனாக் கிளினிக்கில் நரம்பு கெட்டுப்போச்சு என்றார்கள், மருந்து கொடுத்தார்கள். விஷயம் புருஷன் அர்ச்சுனனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வேறு யாரிடம் சொல்ல? போன வருசம் கூட வேலை செய்த ராசம்மா தோள் வலிக்கிறது என்று வாயைத் திறந்தாள். ஹேமநாதன் கோபப்படவே இல்லை. "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா" என்று அவரே வேனில் கொண்டுபோய் வீட்டு வாசலில் விட்டார். அதற்குப் பிறகு ராசம்மாவுக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. அர்ச்சுனனுக்குத் தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கிற ஜாகா வேலை. அந்தச் சம்பளம் வாடகையோடு சரி. ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்குங்கள் என்று சாந்தினி தீபாவளிக்கு முன்னால் சாடையாகக் கேட்டும் பார்த்துவிட்டாள். "ஒங்க கை இருக்கும்போது மீட்டர் எதுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னக்கா, யோசனை?" என்றார் ஹேமநாதன்.

எழுந்து போய்க் கையை வைத்தாள். ஒன்றுமில்லை. அது சுவரா, பலகையா, துணியா என்றுகூடக் கை சொல்லவில்லை. பத்து எண்ணினாள். இன்னொரு பத்தும் எண்ணினாள். பிறகு சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவள் போலக் குனிந்து, கன்னத்தை மெல்ல வைத்தாள். ஜில்லென்று இருந்தது. தஸ்லிமா வந்ததுமே ஏர்கோனைப் போட்டிருந்தாள். எதிர்ச்சுவரிலும் போய்க் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அதுவும் அதே ஜில்.

ஏர்கோனை நிறுத்தி அரைமணி நேரம் பொறுத்தால் தெரிந்துவிடும். ஆனால் பதினெட்டு வருசத்தில் அவள் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. இப்போது கேட்டால் ஏன் என்பார்கள். இரண்டு சுவரும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, கடவுளே, காய்ந்துதான் இருக்கும்.

"காஞ்சுதான் இருக்கு மிஸ்" என்றாள்.

தஸ்லிமா கார்க் துண்டைப் பிய்த்துப் பைக்குள் போட்டாள்.

இரண்டு நாள் வேலை. கோரைப்புல் சாமானியமாக ஒட்டக்கூடிய சரக்கு இல்லை. சுருளுக்குச் சுருள் நிறம் மாறும், நம்பர் வரிசை தப்பக்கூடாது. பட்டையின் முகப்பில் ஒரு பொட்டுப் பசை பட்டாலும் கறை போகாது, துடைத்தால் இன்னும் பரவும். நெற்றி வேர்வை சொட்டிவிடக்கூடாது என்று சாந்தினி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். உதவிக்கு வரும் பையன் ரூபேந்திரன் கீழிருந்து பட்டைகளை நீட்ட, விரல் செய்ய வேண்டியதையெல்லாம் கண்ணால் செய்தாள். கண் எரிந்தது. கடைசிப் பட்டையை ஒட்டி இறங்கியபோது, அறையே அறுப்பு முடிந்த வயலின் நிறத்தில் இருந்தது. தஸ்லிமா போனில் படமெடுத்து, "அக்கா, சூப்பர்" என்றாள். அன்றைக்கு ராத்திரி சாந்தினி வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து, காலையில் வேனில் ஏறியபோது ஹேமநாதன் வணக்கம் சொல்லவில்லை. ரூபேந்திரனும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஸ்கூடாய் வந்ததும் எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அறைக்கு வெளியிலேயே வாடை அடித்தது. சுவரின் கீழ்ப்பாதியில் கறுப்புப் பொட்டுகள், சில இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு. மூலைக்குத் தள்ளிவைத்திருந்த கட்டிலில் பொம்மை போட்ட மெத்தை சுருட்டிக் கிடந்தது. புதிதாய் வந்த கார்க் சுருள்கள் இரண்டு ஏணியடியில் தயாராக இருந்தன.

"பிள்ளைக்கு ரெண்டு நாளா மூச்சு வாங்குதாம்" என்றாள் தஸ்லிமா. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "ஒங்கள நம்பித்தானேக்கா எடுத்தேன்?"

சாந்தினி சுருட்டிக் கிடந்த மெத்தையைப் பார்த்தாள். ஹேமநாதன் சட்டைப்பையிலிருந்து சின்னதாக ஒரு மஞ்சள் சாமானை எடுத்து, அதன் இரண்டு ஊசியையும் சுவரில் குத்தினார். கீ கீ என்று கத்தியது. விலைச்சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை. எண்பத்தொன்பது வெள்ளி.

"தண்ணி லா! முழுக்கத் தண்ணி. இதப் போயிக் காஞ்சிருக்குன்னீங்களே, எப்படிக்கா?"

"எனக்குக் கை உணர்ச்சி இல்ல பாஸ்" என்றாள் சாந்தினி. "ஒம்பது மாசமாச்சு."

"அலமாக்! ஏன் சொல்லல? நான் என்ன மனுசன் இல்லையா?"

"ராசம்மாக்கு நீங்க ஒரு போனு அடிச்சீங்களா?"

ஹேமநாதன் மீட்டரை அணைத்தார். மறுபடி போட்டார்.

"சரி விடுங்க" என்றார் கடைசியில், ரொம்பத் தணிந்த குரலில். "நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்கி இத மட்டும் கிழிச்சுக் குடுத்துருங்க. அப்புறம் நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா. நானே வேன்ல கொண்டுபோயி விடறேன்."

அவள் பிளேடை எடுத்தாள். தானே நம்பர் பார்த்து ஒட்டிய பட்டைகளைத் தானே மேலிருந்து கீறி, விரலைக் கொடுத்து இழுத்தாள். ஈரத்தில் ஊறிய புல் சத்தமில்லாமல் வந்தது. எட்டாவது பட்டையைக் கிழிக்கும்போது தஸ்லிமா, "ஐயோ அக்கா, ரத்தம்!" என்று அலறினாள்.

சாந்தினி குனிந்து பார்த்தாள். இடது பெருவிரல் பிளந்திருந்தது. எப்போது பட்டதென்று தெரியவில்லை. ரத்தம் முழங்கை வரை வழிந்து, ஏணியின் ஒவ்வொரு படியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஹேமநாதன் ஓடி வந்தார். குனிந்து, ஏணியடியில் இருந்த இரண்டு கார்க் சுருள்களையும் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ச்சுவரோரம் பத்திரமாக வைத்தார்.