கறை படியாத பதிவேடு

கதை எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கற்றறிந்தோர் அமர்ந்திருக்கும் கூடத்தில் கதவோரமாக நின்றுகொண்டு வாய் திறப்பவனைப் போலவே இதைத் தொடங்குகிறேன். குறைகள் இருப்பின் வாசகர்கள் அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விற்பனைக்கு வரும் பழைய விமானங்களை, வாங்குபவர் சார்பில் சோதித்துச் சொல்வது இந்தக் கதையின் நாயகருடைய தொழில். உடன் பணியாற்றியவர்கள் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

இம்முறை சோதனைக்கு வந்தது எட்டுப் பேர் அமரும் சிறிய ஜெட். வாங்க முன்வந்தவர் குழாய்த் தொழிற்சாலை முதலாளி. விற்கும் நிறுவனத்தில் பராமரிப்புப் பொறுப்பு வகித்தவரோ பூதக்கண்ணாடியின் சொந்தத் தங்கையின் கணவர். பூதக்கண்ணாடி இதை முதல் நாளே முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளையா? அப்ப இன்னும் நல்லா நோண்டுவீங்க!" என்று முதலாளி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. உறவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டான் என்று எவரும் நாக்கில் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று அன்றே உறுதி செய்துகொண்டார்.

இரண்டு நாள்கள் டார்ச் விளக்கும் கையுமாக விமானத்தைக் குடைந்தார். இன்ஜின் சுத்தம். சக்கரக் கால்களில் விரிசல் இல்லை. புதிதாக மாற்றிய விமானி அறைத் திரைகளும் பழுதின்றி இயங்கின. இவ்வளவு நன்றாக இருக்கக் கூடாதே என்ற எண்ணமே அவரை அரிக்கத் தொடங்கியது.

மூன்றாம் நாள் காலை ஆவண அறையில் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்தார். அறையின் மூலையில், கூரையில் படிந்த ஈரக்கறைக்கு நேர் கீழே, ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதைத் தாண்டித்தான் நாற்காலிக்குப் போனார். ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

பதிவேட்டின் நடுவே முப்பத்தெட்டுப் பக்கங்கள் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தன. மூன்று ஆண்டு வேலைகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தன. உண்மையான பதிவேட்டில் கிரீஸ் விரலின் தடம் இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும். இதுவோ கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. செய்யாத வேலையை உட்கார்ந்து எழுதியிருக்கிறார் மாப்பிள்ளை என்று அவர் மனம் தீர்ப்பே எழுதிவிட்டது. அது மெய்யானால் வேலைகளுக்குக் கையொப்பமிடும் உரிமம் பறிபோகும். தங்கை வீட்டு அடுப்பு எரிவது அந்த உரிமத்தால்தான்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் சுதாரித்துக்கொள்வார் என்று அஞ்சி, மதிய உணவு வேளையில் தங்கையை அழைத்தார்.

"மாப்ள வீட்டுக்கு ஆபீஸ் பேப்பர் ஏதாவது கொண்டாந்தாராம்மா?"

"ஏண்ணா கேக்கறே?"

"சும்மாதான். பதிவேட்டுல ஏதோ கோல்மால் மாதிரி தெரியுது. கையெழுத்துப் போட்டவங்க உள்ள போக வேண்டியதுதான். அவர்கிட்ட சொல்லிடாதே."

"அப்படியெல்லாம் எதுவும் இல்லண்ணா," என்று அவசரமாகச் சொன்னாள். மறுத்த விதத்தையும் அவர் ஒரு சான்றாகக் குறித்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு, முதலாளியின் முன்னிலையில், பதிவேட்டை மாப்பிள்ளையின் முன் விரித்து வைத்தார்.

"இதுல ஒரு பக்கத்துலகூட கை படலையே மாப்ள. வேலை செஞ்சீங்களா, கவிதை எழுதினீங்களா?"

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "அட மச்சான், அது நகல்! கூரை ஒழுகி அலமாரியே நனைஞ்சு போச்சு. அந்த வாளியைப் பாக்கலையா? ஒட்டிப்போன பக்கத்தை ஒவ்வொண்ணா பிரிச்சு, துண்டுக்கு நடுவுல வச்சு இஸ்திரி போட்டு எடுத்தேன். இங்க வச்சா மறுபடி நனையும்னு வீட்டுல துணி அலமாரியில வச்சிருக்கேன்."

"நகல்னு ஒரு வரி எழுதக் கூடாதா?"

"எழுதினா நீங்க அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குவீங்க. மூலத்தைக் கையில வச்சுக்கிட்டே சொல்லலாம்னு இருந்தேன். வாங்க, போய் எடுத்துட்டு வந்துடலாம்."

மூவரும் முதலாளியின் காரில் போனார்கள். தங்கை கதவைத் திறந்தபோது அவள் கைகள் முழங்கை வரை ஈரமாக இருந்தன. அலமாரியின் கீழ்த்தட்டு காலி. குளியலறையில் துணி ஊறவைக்கும் வாளி நிறையச் சாம்பல் நிறக் கூழ்; மேலே நீல மை கரைந்து மிதந்தது.

"என்னடி பண்ணினே?" என்றார் மாப்பிள்ளை.

"உள்ள போகணும்னு அண்ணன்தானே சொன்னாரு!" என்று அவள் வெடித்தாள். "இந்தப் பேப்பர்தான் அந்தக் கோல்மால்னு நெனச்சேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு, நான் யாரைப் போய்க் கேப்பேன்?" பிறகு அண்ணனின் சட்டைக் கையைப் பற்றினாள். "அதெல்லாம் நெசமாத்தான் இருந்துச்சுண்ணா. பார்த்தேன்னு நீ எழுதிக் குடுத்துடேன்."

அவர் பார்த்தது வாளியை மட்டும்தான். மாப்பிள்ளையை இப்போது முழுமையாக நம்பினார். நம்பிக்கையை எழுதுவதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை. கார் திரும்பும்போது, அந்தப் பக்கங்களில் இருந்ததைத்தான் மாப்பிள்ளை நகலில் எழுதினாரா என்று அவர் மனம் மெல்ல மறுபடியும் கேட்டது. அவர் அதை அடக்க முயன்றார், முடியவில்லை. அன்று மாலையே 'மூலப் பதிவுகள் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

போனவை இவை. பதிவேட்டின் மூலப் பக்கங்கள் முப்பத்தெட்டு. அவை சான்று கூறிய மூன்று ஆண்டு உழைப்பு. குழாய் முதலாளியின் கொள்முதல். குறையொன்றும் இல்லாத ஒரு விமானம், மூலப் பதிவின்றிப் பறக்கச் சான்று கிடைக்காமல் பாகம் பாகமாகக் கழற்றி விற்கப்பட்டது. மாப்பிள்ளையின் உரிமம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கையிடமிருந்து வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்பு.