மூடி வைத்த போன்

2004ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து, சிதம்பரநாதனின் போனில் அவனுடைய தாய் பேசும்போதெல்லாம் அதிலிருந்து பனிமூட்டம் வந்தது. முதல் வருடம் காதோரம் ஒரு சில்லிப்பு மட்டுந்தான். அடுத்த வருடம் பீடிப் புகையளவு வந்தது. 2007 முடிவதற்குள், ஐந்து நிமிடம் பேசினால் ஒரு அறை நிறைந்துவிடும் என்ற நிலைக்கு வந்திருந்தது. அது பெரகலைப் பனி என்பதில் அவனுக்குச் சந்தேகம் வர இடமில்லை. தாய் ராமாயி பெரகலைக்கு மேலேயுள்ள மூணுபாறைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை இறங்கிச் சந்திக்கு வந்து, அங்கேயுள்ள கொமினிகேஷன் கடையிலிருந்து பதுளைக்கு எடுத்து மகனோடு பேசுவார். அங்கே வெயில் அடித்தால் போனிலிருந்து எதுவும் வராது. மழை பெய்தால் சிதம்பரநாதனின் காதும் தோளும் நனையும். ஒரு ஐப்பசி மாதத்தில் அட்டை ஒன்றும் வந்து அவன் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் உப்புப் போட்டு அதை எடுத்தான்.

பனி வந்ததைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த வீட்டில் எல்லோரும் ராமாயி 1983 கலவரத்திலேயே செத்துப்போய்விட்டார் என்று நம்பிக்கொண்டிருந்ததுதான் சங்கடம்.

அதைச் சொன்னவன் சிதம்பரநாதனே. தோட்டத்து லயத்தின் ஒற்றையறைக் காம்பராவில் பிறந்து, ஹப்புத்தளையில் படித்து, 1996இல் பதுளையில் ஓர் அரச அலுவலகத்தில் கிளாக்காக வந்து சேர்ந்த பையன் அவன். அங்கே தலைமைக் கிளாக்காக இருந்தவர் குமாரசிங்கம், யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்பானவர், நல்லவர். அவருக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. மூத்த மகள் பிரசாந்தினிக்கு அவனைப் பேச நினைத்து, 2000ஆம் ஆண்டு ஒரு பின்னேரம், தாய் தகப்பனைப் பற்றி விசாரித்தார். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டது உண்மை. தாயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது, கொழுந்துக் கூடையும், கறை படிந்த விரல்களும், மழைக்கு இடுப்பில் சுற்றிய படங்குத் துண்டும் அவன் கண்முன் வந்து நின்றன. குமாரசிங்கத்தின் வீட்டு முன்னறையில், வெள்ளை உறை போட்ட கதிரையில் அவற்றை எப்படி உட்கார வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. "எண்பத்து மூண்டிலை..." என்று மட்டும் சொன்னான். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் அவரும் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவர். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி அழுதார். ஒருவர் அப்படி அழுதபிறகு, இல்லை ஐயா, நான் சொன்னது பொய் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். சிதம்பரநாதனிடம் அது இருக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. மேனுஷா என்று ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. வீட்டில் அவன் யாழ்ப்பாணத் தமிழே பேசினான். அதில் அவன் கெட்டிக்காரன். இரண்டு மாதத்துக்கொருமுறை, ஆய்வுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூணுபாறைக்குப் போய்த் தாயைப் பார்த்துவருவான். பதுளையில் வீடு சின்னது, கொஞ்சம் பொறுங்க, பெருசாப் பார்த்ததும் கூட்டிப் போறேன் என்று தாயிடம் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பேசுவது யார் என்று பிரசாந்தினி கேட்டபோது, எங்கட வீட்டிலை நிண்ட ஆயா, என்னை வளர்த்த மனிசி என்றான். அதைச் சொன்ன நாக்கு அன்று முழுக்கக் கசந்தது. "பாவம், ஒருநாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்று அவள் சொன்னதுதான் கசப்பை இன்னும் கூட்டியது.

செத்தவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுகிற ஆளில்லை குமாரசிங்கம். செத்த திகதி மருமகனுக்குத் தெரியாததால், தாயை இழந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவான சித்திரா பௌர்ணமியை அவரே முடிவு செய்தார். 2001 முதல் வருடந்தோறும் அந்தப் பௌர்ணமி போயா நாளில், சிதம்பரநாதன் தலை முழுகி, விரதமிருந்து, ஐயரை வைத்துத் தன் தாய்க்குப் படைத்தான். மாமியார் ஞானேஸ்வரி வாழைக்காய்க் கறி, பூசணிக்காய்க் கறி, வடை, பாயாசம் என்று ஒரு குறையும் வைக்கமாட்டார். தாய் உயிரோடிருக்க எள்ளும் தண்ணீரும் இறைக்கிற பிள்ளைக்கு என்ன நேருமென்று அவன் பயந்து பயந்து செய்தான். எதுவும் நேரவில்லை. மாலையில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

2004இல் போன் வாங்கிய பிறகுதான் விஷயம் தெரியவந்தது. சித்திரா பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ராமாயி எடுத்து, வழக்கம்போல நலம் விசாரித்துவிட்டு, "அன்னைக்கு போயாவுல ஒரு அதிசயம் தம்பி. காலையிலருந்து ஒண்ணும் சாப்புடல, மத்தியானம் வயிறு தெம்முனு ஆயிருச்சு. வாயெல்லாம் பாயாச ருசி. முந்திரிவத்தல் போட்ட பாயாசம்" என்றார். சிதம்பரநாதன் வீட்டுக்குப் பின்னால், கக்கூஸ் சுவரில் சாய்ந்துகொண்டு, காதோரம் சில்லிட அதைக் கேட்டான். படையல் போய்ச் சேர்கிறது. செத்தவருக்குத்தான் சேரவேண்டுமென்று யார் சட்டம் போட்டார்கள், பெயர் சொல்லிப் படைத்தால் பெயருக்குரியவரிடம் போகிறது. அடுத்த வருடம் மாமியாரிடம் போய், அம்மாவுக்கு உளுந்து வடை என்றால் உயிர், கொஞ்சம் கூடுதலாகச் சுடுங்கோ என்று கேட்டான். அதற்கடுத்த வருடம் தயிருக்குச் சொன்னான். செத்துப்போன தாய்மேல் இவ்வளவு பாசம் வைத்த பிள்ளையைக் கண்டதில்லையென்று சொந்தக்காரர் எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட நாலு பேர் பார்க்கச் செருப்படி வாங்கியிருக்கலாம். அப்படித்தான் அவனுக்கு இருந்தது.

போன் கிழடாகிக்கொண்டே வந்தது. பொத்தான்களில் எழுத்து அழிந்துவிட்டது. தாய் பேசுவது பக்கத்து அறைக்கும் கேட்கத் தொடங்கியது. பனியைப் பார்த்த பிரசாந்தினி, பற்றரிதான் புகைகிறது, ஒருநாளைக்கு வெடித்து முகத்தைக் கொண்டுபோகப் போகிறது என்று பயந்து, புதுப் போன் வாங்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். 2008 தை மாதம் அவன் பஸார் வீதியில் ஜௌபரின் கடைக்குப் போனான்.

ஜௌபர் பழைய போனை வாங்கிக் காதில் வைத்து, மோந்து பார்த்து, "பெரகல லைனா சேர்?" என்று கேட்டான். பிறகு அதிசயப்படாமல் சொன்னான், தோட்டத்துப் பக்கம் ஆள் இருக்கிற எல்லாப் போனும் கொஞ்ச நாளில் இப்படித்தான் ஆகும், எல்ல ஊரிலிருந்து ஒருத்தர் கொண்டுவந்த போனுக்குள் ரயில் சத்தம் போகவேயில்லை, மொனராகலைப் போன் என்றால் கையில் பிடிக்கமுடியாத சூடு. ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தான். கெமரா உள்ளது ஒன்று, பாட்டுக் கேட்பது ஒன்று, தண்ணியில் விழுந்தாலும் சாகாதது என்று ஒன்று. சிதம்பரநாதன் படத்தைப் பார்க்கவில்லை, பாட்டைக் கேட்கவில்லை. சத்தம் வெளியே போகாதது எது என்று மட்டும் கேட்டான். குரலைத் தாழ்த்தி, பனி வராதது எது என்றும் கேட்டான். ஜௌபர் அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். பிறகு கீழ்த் தட்டிலிருந்து, இரண்டாக மடிகிற ஒரு போனை எடுத்தான். மூடியின் வெளியே சின்னக் கண்ணாடி. யார் எடுக்கிறார்கள் என்று திறக்காமலே தெரியும்.

"இத தொறக்காட்டி ஒன்டும் வெளிய வராது சேர். ஆனா உள்ளுக்கு வாறத நிப்பாட்ட ஏலாது, அத மட்டும் நெனவு வெச்சிக்கோங்க."

அவன் அதையே தெரிவு செய்தான். தெரிவு செய்தபோது என்ன செய்கிறோமென்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரியாமல் செய்ததாக இங்கே எழுதினால் அது பொய்.

அடுத்த ஞாயிறு பெரகலை இலக்கம் கண்ணாடியில் வந்தது. பிள்ளை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. பிறகு எடுப்போம் என்று விட்டான். அதற்கடுத்த ஞாயிறு மாமனார் வந்திருந்தார். மூன்றாவது ஞாயிறு ஒரு காரணமும் இருக்கவில்லை, ஆனால் இரண்டு வாரம் எடுக்காததற்கு என்ன சொல்வது என்ற வெட்கம் இருந்தது. அப்படியே பன்னிரண்டு ஞாயிறு போயிற்று. மலைக்குப் போகவும் முகம் வரவில்லை. மூடிய போன் மேசையில் கிடந்து துடிக்கும், கொஞ்சநேரத்தில் அடங்கும். ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் கனத்தது. பிரசாந்தினி அதைத் துடைத்துவைக்கும்போது, வெளியே முத்து முத்தாக ஈரம் கோத்திருக்கும். புதுப் போனுக்கு வியர்க்கிறது என்று சிரித்தாள்.

அந்த வருடச் சித்திரா பௌர்ணமிக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சமைத்தார்கள். பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்துத் தாய்க்கு வயிறு நிறையட்டுமென்று, வடையை இரண்டு மடங்காக்கச் சொன்னவன் சிதம்பரநாதன்தான். ஈர வேட்டியோடு அவன் ஐயரின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பெயரைச் சொல்லச் சொன்னார், சொன்னான். இலையில் சோறு வைத்து, கறிகள் வைத்து, பாயாசத்தை ஊற்றுகிற நேரம், அலுமாரிமேல் இருந்த போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது, திரும்பவும் அடித்தது. நாலாவது தடவை பிரசாந்தினி, "ஆருக்கோ அவசரம் போலை இருக்கப்பா" என்று எடுத்துக்கொண்டுவந்து, அவன் வேண்டாமென்று கைகாட்டுவதற்குள் மூடியைத் திறந்தாள்.

பன்னிரண்டு ஞாயிற்றின் பனியும் ஒன்றாக வெளியே வந்தது. குத்துவிளக்கு மங்கியது, ஐயர் இருமினார், சுவரில் இருந்த சாமிப் படங்கள் மறைந்தன. யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. அட்டைகள் நிலத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து ராமாயியின் குரல், அதே அறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, அவ்வளவு தெளிவாக வந்தது.

"போதும்யா, எலையில இனி போடாத. வயிறு முட்டிப்போச்சு. மூணு மாசமா வந்து வந்து அடிச்சேன், ஒனக்கு என்னமோ ஏதோன்னு பதறிப்போயிட்டேன். இப்ப வடை ருசி வரவுந்தான் நீ நல்லா இருக்கன்னு நிம்மதி ஆச்சு. தம்பி, எனக்குப் படைக்கிறது நீதான்னு போன வருசமே தெரியும். செத்தவுங்களுக்குத்தான் இப்படிச் சேரும்னு கோயில் பூசாரி சொன்னாரு. ஒனக்கு அது வசதின்னா நான் செத்ததாவே இருந்துட்டுப் போறேன் சாமி. எனக்கு ஒண்ணும் இல்ல. போன மட்டும் எடுத்திரு."

பனிக்குள் எங்கேயோ இருந்து குமாரசிங்கம் கேட்டார், "ஆர் தம்பி இது?"

ஆயா என்ற சொல் நாலு வருடமாகத் தயாராக இருந்த சொல். ஒருவர் முகமும் தெரியாத அந்தப் பனியில் அதைச் சொல்வது இன்னும் சுலபம். சிதம்பரநாதன் வாயைத் திறந்தான். அந்த வீட்டில் முதல்முறையாக அவன் பிறந்த பேச்சு வந்தது.

"எங்கம்மாங்க. உசுரோடதான் இருக்காங்க. பொய் சொன்னது நாந்தாங்க."

பிறகு குமாரசிங்கம், அழுகையை அடக்கிய குரலில், "அப்ப அண்டைக்கு நான் அழுதது ஆருக்காகத் தம்பி?" என்று கேட்டார். பிரசாந்தினி போனைக் கீழே வைக்காமல் காதில் பிடித்துக்கொண்டு, "மாமி, சந்தியிலேயே நில்லுங்கோ, நாங்கள் வாறம்" என்றாள். கணவனோடு அவள் பேசியது பதினாறு நாள் கழித்து.

அன்று வான் பிடித்துப் போய்க் கூட்டிவந்தார்கள். வெள்ளை உறை போட்ட கதிரையில் ராமாயி உட்கார்ந்தார். உறை அழுக்காகவில்லை. அப்பத்தாவின் விரலில் உள்ள கறை ஏன் போகாது என்று மேனுஷா கேட்டாள், அவர் அதற்குச் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். இங்கேயே இருங்கோ என்று ஞானேஸ்வரி கேட்டதற்கு, விடிஞ்சா தோட்டத்துப் பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்புடுவாங்க, நான் இல்லாட்டி எப்படி என்று சொல்லி மறுநாளே பஸ் ஏறிவிட்டார். சிதம்பரநாதன் ஜௌபரிடம் போய், மூடியில்லாத, சத்தமாகக் கேட்கிற போன் ஒன்றை வாங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை முன்னறையில் வைத்தே பேசுகிறார்கள். வீட்டில் துணி காய்வதில்லை என்பதால் கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டினார்கள், உப்புப் போத்தல் ஒன்று போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தொடங்கிய விரதத்தை இடையில் விடக்கூடாதென்று ஐயர் சொல்லிவிட்டார். குமாரசிங்கமும் அப்படியே நினைத்தார். உண்மையில் அது மருமகனுக்கு அவர் கொடுத்த தண்டனை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொரு சித்திரா பௌர்ணமியும் ராமாயி முதல்நாளே பதுளைக்கு வந்துவிடுவார். மகன் தலை முழுகி வந்து அவர் பெயரைச் சொல்லிப் படைப்பான், அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். படைத்துவிட்டால் பிறகு அவருக்கு வயிற்றில் இடமிருக்காது என்பதால், சாப்பாட்டை முதலில் போட்டுவிடுவார்கள். பரிமாறுவது சிதம்பரநாதன். சோறு வைக்கும்போதோ கறி ஊற்றும்போதோ அவன் தலையை நிமிர்த்துவதில்லை. ராமாயி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிடுவார்.

"நீயும் ஒரு வாய் சாப்புடுய்யா" என்பார்.

விரதமென்று சொல்லி, அவன் இன்னொரு வடையை எடுத்து இலையில் வைப்பான்.