ஒருவர் மட்டுமே ஆடலாம்

அக்காவின் கட்டைவிரல் நான்காவது முறையாக நழுவியபோது, டிவி திரையில் பனிப்பாறைமேல் நின்றிருந்தவள் தன் கைவிளக்கைக் கீழே போட்டுவிட்டாள். விளக்கு பள்ளத்துக்குள் உருண்டுபோய் அணைந்தது. அக்கா கன்ட்ரோலரைப் போர்வைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு அதைத் தங்கை பக்கம் தள்ளினாள்.

“நீ நட. நான் சொல்றேன்.”

சின்னவள் உடனே எடுக்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் அதை அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொடமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள். ஆனால் காலையில் வந்த நர்ஸ் மருந்தை மாற்றிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இன்றைக்கோ நாளைக்கோ என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சின்னவள் வேலைக்கு லீவு சொன்னாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி சமையலறைவரை போனாள். அம்மா திரும்பிப் பார்க்காமலே, தனக்குத் தெரியும் என்றும், நீ போய் அவளிடம் இரு என்றும் சொல்லிவிட்டாள்.

சின்னவள் கன்ட்ரோலரை எடுத்தாள். வலது பக்கத்துப் பட்டன் ஒன்றின்மேல் ரோஜா நிறத்தில் பொட்டளவு மெழுகு ஒட்டியிருந்தது. பல்செட் செய்கிற மெழுகு. அக்கா பதினாறு வருஷமாகப் பல் கட்டும் லேபில் வேலை பார்த்தவள். எந்தப் பட்டனைத் தொடக்கூடாது என்று விரலுக்குத் தெரியட்டும் என்று அதை ஒட்டி வைத்திருந்தாள்.

இந்த ஆட்டத்தின் முதல் பாகம் வந்து பதினொரு வருஷம் ஆகிறது. அக்கா கணவனை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பிய வருஷம் அது. விண்வெளியில் தண்ணீர் ஏற்றிப்போகிற ஒரு ஓட்டைக் கப்பல், அதில் இரண்டே பேர். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் இன்ஜின் அறையில் பழுது பார்க்க வேண்டும். அக்கா ஓட்டினாள். சின்னவள் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பி வடத்துக்குக் கிரீஸ் போட்டுவிட்டு, சாயந்திரம் வந்து அக்காவின் கப்பலுக்கு ஸ்பேனர் பிடித்தாள். வெளியிலும் அதே வேலை, வீட்டிலும் அதே வேலையா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். விட்டுவந்த கணவனைப் பற்றி அக்கா தங்கையிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவளும் கேட்டதில்லை. இடது இன்ஜின் சூடாகுது என்று அவள் சொல்வாள், தெரியுது, நீ நேரா பாத்து ஓட்டு என்று இவள் சொல்வாள். அந்தப் பேச்சிலேயே அக்கா மெல்ல மெல்லத் தேறினாள். அந்த ஆட்டத்தை அவர்கள் எத்தனை முறை ஆடி முடித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டாம் பாகம் வருகிறது, வருகிறது என்று ஐந்து வருஷம் இழுத்தடித்தார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அக்காவை அனுப்பிவைத்த அதே வாரம் அது வந்து சேர்ந்தது. சின்னவள் இரண்டு கன்ட்ரோலருக்கும் சார்ஜ் ஏற்றி, கட்டிலைத் திருப்பிப் போட்டு, அக்காவின் முதுகுக்குத் தலையணை வைத்துத் தயாராக உட்கார்ந்தாள். ஆட்டம் திறந்தது. கப்பல் இல்லை. பனி மூடிய ஏதோ ஒரு கிரகத்தில் தன்னந்தனியாக ஒருத்தி நின்றாள். சின்னவள் தன் கையிலிருந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். திரையில் ஒன்றும் அசையவில்லை. பெட்டியை எடுத்துத் திருப்பினால் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது, ஒருவர் மட்டுமே ஆடலாம் என்று.

“இது நம்ம ஆட்டமே இல்ல. பழசையே போடுவோம்க்கா.”

“பழசு மனப்பாடம். அதுல இனிமே எனக்கு என்ன நடந்துடப்போகுது?”

“உனக்கு இது பிடிச்சிருக்கா?”

“பிடிக்கல,” என்றாள் அக்கா. “ஆனா பிடிக்கலைன்னு உட்கார்ந்திருக்க எனக்கு நேரமில்லடி.”

சின்னவள் தன் கன்ட்ரோலரை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். அன்றிலிருந்து அக்கா தனியாகத்தான் ஆடினாள். பழைய ஆட்டத்தில் கப்பலைத் திருப்பிய பட்டன், இதில் விளக்கைக் கீழே போட்டது. பதினொரு வருஷப் பழக்கத்தில் விரல் அங்கேயே போய் நின்றது. முதல் வாரம் முழுக்க அவள் விளக்கில்லாமல் இருட்டில் தடவித் தடவி நடந்தாள், ஆட்டத்தைச் செய்தவர்களின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே. இரண்டாவது வாரம் லேபிலிருந்து மெழுகு வரவழைத்தாள். மருந்து வேலை செய்கிற நேரம் பார்த்துத் தினமும் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் சின்னவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். மடிக்கத் துணி இல்லாத நாளில் மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். பன்னிரண்டு பகுதியில் அக்கா ஒன்பதாவதுக்கு வந்துவிட்டாள் என்பதைச் சுவர் வழியே கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

இப்போது அந்த ஒன்பதாவதில், நீளமான ஒரு பனிப்பிளவின் ஓரத்தில் திரையில் இருந்தவள் நின்றிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு குகை வாய் தெரிந்தது. சின்னவள் ஓடிவந்து தாண்டினாள். விழுந்தாள். ஆட்டம் அவளைப் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. மறுபடி தாண்டினாள், மறுபடி விழுந்தாள். கை வேண்டாத இடத்துக்கெல்லாம் போனது. ஆறாவது தடவை விழுந்தபோது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்துத் திரும்பினாள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மெக்கானிக்கு, லிஃப்ட் மேலயும் இப்படித்தான் குதிப்பியா?”

“நீதானே நடன்னு சொன்ன.”

“நடன்னுதான் சொன்னேன்.” அக்கா கண்ணை மூடித் திறந்தாள். அடுத்த வார்த்தைக்கு நேரமானது. “குதிக்காத. சுத்திப் போ.”

சுற்றுவழி வலது பக்கம் சரிவாக இறங்கிப் போனது. குதித்தால் இரண்டு நொடி. நடந்தால் முடிவே இல்லாததுபோல் நீண்டது. வழியில் எதுவும் இல்லை, வெள்ளையைத் தவிர. அவள் கால் பதிகிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னவளுக்கு எரிச்சல் வந்தது. பிறகு எப்போதென்று தெரியாமல் எரிச்சல் அடங்கியது. இங்கே விரல் இன்னது செய்யவேண்டும் என்று யோசிக்கவேண்டியிருக்கவில்லை. பிளவு குறுகி, ஒரு காலடி அகலமாகி, ஒன்றுமில்லாமல் போன இடத்தில் அதைக் கடந்து, மறுகரையில் அதே தூரம் ஏறி வந்தாள். குகைக்குள் நுழைந்ததும் திரையின் மூலையில் சின்னதாக ஒரு பச்சை வட்டம் சுழன்றது. இதுவரை வந்தது பத்திரம் என்று அதற்கு அர்த்தம்.

“வந்துட்டேன்க்கா,” என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

அக்காவின் முகம் திரையைப் பார்த்தபடிதான் இருந்தது.

சின்னவள் கன்ட்ரோலரை மேசைமேல் சத்தம் வராமல் வைத்தாள். அக்காவின் கையைத் தொட்டாள். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள், எடுத்துவிட்டு இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டாள்.

நர்ஸ் திரும்பி வந்தபோது, எத்தனை மணிக்கு என்று கேட்டார். சின்னவள் தெரியவில்லை என்றாள். பக்கத்தில் இருந்தீர்கள் இல்லையா என்று அவர் கேட்டார், குறை சொல்ல அல்ல, படிவத்தில் எழுதவேண்டியிருந்ததால். கடைசியில் மூன்று பத்து என்று அவரே எழுதிக்கொண்டார்.

மறுநாள் முன்பகலில் எல்லாம் முடிந்தது. தகனம் நடந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சின்னவள் வந்தவர்களைக் கவனித்தாள், கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் போட்டாள், அம்மாவுக்கு ஒவ்வொரு மணி நேரமும் தண்ணீர் கொடுத்தாள். லேப் முதலாளி வந்திருந்தார். பல்லை அளவெடுக்கக் கம்ப்யூட்டர் மெஷின் வந்தபோது பழைய ஆட்கள் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்றும், இவள் மட்டும் மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்திருக்காமல் அதைக் கற்றுக்கொண்டாள் என்றும் சொன்னார். வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அம்மாவும் ஒரே பதிலைச் சொன்னாள்.

“ஒண்ணுமே சொல்லாம போயிட்டா.”

ஒவ்வொரு தடவை அது காதில் விழும்போதும் சின்னவள் எழுந்து ஏதாவது ஒரு நாற்காலியை நேராக்கினாள்.

நான்காம் நாள் காலையில் அம்மா அக்காவின் அறையை ஒழிக்க ஆரம்பித்தாள். மருந்துகளைப் பையில் கட்டினாள், படுக்கையைச் சுருட்டினாள், டிவிக்குப் பின்னால் கையைவிட்டு ஒயரைப் பிடுங்கப் போனாள்.

“அதை விடும்மா,” என்றாள் சின்னவள். “இன்னும் மூணு பகுதி இருக்கு. நான் முடிக்கணும்.”

அம்மா நிமிர்ந்தாள். நான்கு நாளாக அழாதவள் இப்போதும் அழவில்லை.

“அந்தப் பொட்டியையே பாத்துக்கிட்டு இருந்தியே. அவ போனதாவது உனக்குத் தெரிஞ்சுதா?”

சின்னவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு நாளாகத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். வேறு யாராவது கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்ததுபோல இருந்தது.

“தெரியலம்மா. அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ. நான் திரும்பிப் பாக்கல.”

அம்மா ஒயரிலிருந்து கையை எடுத்தாள்.

“ஆனா ஒண்ணும் சொல்லாம போகல. என்கிட்ட சொன்னா.”

“என்ன சொன்னா?”

“ஆட்டத்தைப் பத்தித்தாம்மா.”

“என்ன சொன்னான்னு கேட்டேன்.” அம்மா முப்பது வருஷம் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்தவள். அரைகுறை முகவரியை அவள் அப்படியே விட்டுவிடமாட்டாள்.

“‘குதிக்காத, சுத்திப் போ’ன்னா.”

அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்த மூன்று வார்த்தையை உதடு அசையச் சொல்லிப் பார்த்தாள்.

“போனியா?”

“போனேன்.”

“எங்க, காட்டு.”

சின்னவள் ஆட்டத்தைப் போட்டாள். குகைக்குள்ளிருந்து வெளியே வந்து, கீழே தெரிந்த பிளவையும், தான் வந்த நீளமான சரிவையும் அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள். எவ்வளவு தூரம் என்று கேட்டாள். சின்னவள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, டிவிக்கு எதிரே இருந்த சோபாவில் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்தாவது பகுதி ஒன்பதாவதைவிட மோசமாக இருந்தது. புயல் அடித்தது. சின்னவள் இரண்டு தடவை விளக்கைத் தவறவிட்டாள், ஒரு தடவை வழி தவறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து வந்தாள். இந்த ஆட்டம் அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்கும் என்று தோன்றவுமில்லை. ஆனால் எந்தப் பட்டன் எங்கே என்று இப்போது பார்க்காமலே தெரிந்தது.

“இவ சாப்பிடவே மாட்டாளா?” என்று அம்மா கேட்டாள்.

“இதுல அது கிடையாதும்மா.”

“அதெப்படி, இவ்வளவு நடக்கிறா.”

மதியம் புயல் ஓய்ந்தது. திரையில் மூடுபனி விலகி, தூரத்தில் மலைகள் வரிசையாகத் தெரிந்தன. அதைச் சொல்லலாம் என்று சின்னவள் வாயெடுத்தபோது தோளில் பாரம் விழுந்தது. அம்மா தூங்கிவிட்டிருந்தாள். நான்கு நாளில் இப்போதுதான். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண்ணாடி மூக்கின் நுனிவரை இறங்கியிருந்தது. சின்னவள் இடது கையால் அதைக் கழற்றி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். டிவியின் ஒலியைக் குறைத்தாள்.

அம்மாவின் தலை வலது தோளில் இருந்தது. வலது கையை அசைத்தால் விழித்துவிடுவாள். அது இல்லாமல் திரையில் இருப்பவளால் திரும்பிப் பார்க்க முடியாது, விளக்கைத் தூக்க முடியாது. சின்னவள் இடது கட்டைவிரலை மட்டும் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அவள் மலைகளைப் பார்த்து நேராக நடந்துகொண்டிருந்தாள்.