ஒரே மாதிரி இரண்டு கட்டுகள்

தைஸ்தோவுக்கும் ரெய்னோவுக்கும் ஒரே நாளில், ஒரே வியாதிக்கு அறுவை நடந்தது. சிறுநீரகத்துக்குள்ளே புற்றுநோய். ஆளுக்கொரு கிட்னியும் அதிலிருந்து இறங்கும் குழாயும் போயின. ஒருவரைக் கையால் அறுத்தார்கள், மற்றவரை ரோபோவால். யாருக்கு எது, அறுத்தது யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எந்த முறை நல்லது என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. தெரிந்துவிட்டால் நோயாளி வலியைக் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுவானாம். அதனால் இருவருக்கும் வயிற்றிலிருந்து விலாவரை ஒரே மாதிரி பெரிய கட்டு. பதினான்கு நாள் பிரிக்கக் கூடாது, நனைக்கக் கூடாது என்றார் டாக்டர் ஹில்க்கா. பன்னிரண்டாம் நாள் நடுக்கோடைத் திருநாள் என்பதை அந்த அம்மாள் எப்படித்தான் மறந்தாரோ, அவரும் பின்லாந்துக்காரர்தானே!

தைஸ்தோ இருபது வருஷம் மோட்டார் ரம்பத்தால் காட்டில் மரம் வெட்டியவர். அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது, ரெய்னோ மாதிரி ஆட்கள் ஓட்டி வந்த மரம் வெட்டும் வண்டி.

"எனக்கு மனுஷக் கைதான்யா. மூணாம் நாளே எழுந்து நடந்தேனே, பாத்தல்ல?"

பக்கத்துப் படுக்கையில் முனகிக்கொண்டிருந்த ரெய்னோ விடவில்லை. "எனக்குத்தான் ரோபோ. வலிக்குதுன்னா வேலை ஆழமா நடந்திருக்குன்னு அர்த்தம்."

வாய் பேசினாலும் தைஸ்தோவுக்கு உள்ளுக்குள் உதறல். கட்டி முழுசாக வெளியே வந்ததா? மனிதன் கை வைத்திருந்தால் மிச்சம் வைத்திருக்க மாட்டான். அந்த நம்பிக்கையில்தான் அவருக்குத் தூக்கமே வந்தது.

வீட்டுக்கு வந்தும் கட்டுப்பாடாகத்தான் இருந்தார். ஆனால் நடுக்கோடைத் திருநாளில் சௌனா என்னும் ஆவிக்குளியல் அறையில் உட்கார்ந்து வேர்க்காமல் இருப்பதைவிட இன்னொரு கிட்னியையும் கொடுத்துவிடலாம். ஏரிக்கரைச் சௌனாவில் விறகை அடுக்கி, ரெய்னோவையும் கூப்பிட்டார். வம்பிழுக்க ஆள் வேண்டாமா? கட்டோடு உள்ளே போக முடியாது. பிரித்தார்கள்.

ரெய்னோவின் விலாவில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். தைஸ்தோவுக்கு ஐந்து பொட்டுத் துளைகள், தொப்புளுக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல்.

தைஸ்தோவின் முகம் சுண்டிப்போனது. "போச்சு. மெஷினுக்கு என்னய்யா தெரியும்? பாதிய உள்ளயே விட்டிருக்கும்."

"யோவ், என் வண்டி தானா போய் மரம் வெட்டுச்சுன்னா நெனச்ச? ரெண்டு கைப்பிடியையும் விடாம பிடிச்சுப் பிடிச்சு என் மணிக்கட்டே போச்சு. உன் ரம்பம் மட்டும் என்ன, உன் பல்லாலயா ஓடுச்சு?"

தைஸ்தோ உள்ளே போய்ச் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினார். வழக்கப்படி பிர்ச் மர இலைக்கொத்தால் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். பிறகு புதுக் கட்டு வாங்கி வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

பதினான்காம் நாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஹில்க்கா முதலில் தைஸ்தோவின் கட்டைப் பிரித்தார். உள்ளே பச்சையாக ஒரு பிர்ச் இலை.

"என்னது இது?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"சௌனாவா? புண்ணு பழுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ரெண்டு பேரையும் ஆராய்ச்சியிலருந்து தூக்கியாச்சு, போங்க!" என்று கத்தியவர், இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சூடு நல்லா ஏறுச்சா?"

"பிரமாதம்" என்றார் ரெய்னோ.

தைஸ்தோ மேஜைமேல் இருந்த காகிதத்தைக் காட்டினார். "டாக்டரம்மா, எவ்வளவு வேணா திட்டுங்க. கட்டி முழுசா வந்துருச்சா?"

ஹில்க்கா காகிதத்தைப் புரட்டினார். "அறுத்த ஓரமெல்லாம் சுத்தம், உள்ள மிச்சம் எதுவும் இல்ல. ரெண்டு பேருக்கும்."

தைஸ்தோ குலுங்கிக் குலுங்கி அழுதார். கைக்குட்டை இல்லாததால் ரெய்னோவின் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அழுகை ஓய்ந்ததும் கேட்டார்: "அந்த ரோபோவ ஓட்டினது யாரு?"

"நான்தான்."

"இவனக் கையால அறுத்தது?"

"அதுவும் நான்தான்."

இரண்டு கிழவர்களும் அந்தச் சின்னக் கைகளையே பார்த்தார்கள்.

"அப்ப கையா மெஷினான்னு பதினாலு நாளா நாங்க எதுக்குத்தான் அடிச்சுக்கிட்டோம்?" என்றார் தைஸ்தோ.

"அதக் கண்டுபிடிக்கத்தான்யா ஆராய்ச்சி வச்சேன்," என்றார் ஹில்க்கா. "அதையும் நீங்க வேக வச்சுட்டீங்க."