ஈக்களின் விலாசம்

படபடவென்று வந்த மோட்டார் சைக்கிள் மணலில் புதைந்து நிற்க, கருவாடு காயப்போடும் வாடிக் கொட்டிலின் கூரையிலிருந்த காகங்களெல்லாம் கத்திக்கொண்டு கிளம்பின. கோணேஸ்வரி நிமிர்ந்தே பார்க்கவில்லை. வியாபாரிதான் என்று நினைத்துவிட்டாள்.

"நெத்தலி நாளைக்குத்தான் காயும். கீரிமீன் வேணுமெண்டால் இப்பவே தரலாம்!"

"மீன் வேணாம் அக்கா, ஈதான் வேணும்" என்றார் வந்தவர்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நௌபர். கிண்ணியாக்காரர். கையிலே பெயர் போடாத ஒரு புகார்ப் பெட்டிசம். இந்த வாடியின் ஈக்கள் பக்கத்து விருந்தினர் விடுதிக்குள் மொய்க்கின்றனவாம். வாடியை மூட வேண்டுமாம்.

கோணேஸ்வரி அப்போதுதான் நிமிர்ந்தாள். புருஷன் கண்ணை மூடிய பிறகு, மகள் லக்சனாவைப் படிக்க வைத்தது இந்த உப்பும் மீனும்தான். கோணேஸ்வரிக்கு வேறு தொழில் தெரியாது.

"விடுதிக்கார குணரத்தினம் அண்ணையின்ர வேலைதான் இது! என்ர மகளையே வேலைக்கு வைச்சுக்கொண்டு எனக்குக் குழி தோண்டுறார். ரெண்டு அறைக்கு ஏசி பூட்டினவுடன கருவாடு நாறுதாக்கும்!"

"கோவிக்காதீங்க அக்கா. முதல்ல ஈயை விசாரிப்பம்."

நௌபர் பிசின் தடவிய தாளொன்றை ஈர மீனுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். இன்னும் இரண்டு தாள்களோடு விடுதிப் பக்கம் நடந்தார்.

அந்த ஒரு மணித்தியாலமும் கோணேஸ்வரிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காலமெல்லாம் விசிறி விரட்டிய ஈயை அன்றைக்குத்தான் கிட்ட நின்று பார்த்தாள். கூறைச் சேலைக் கரை மாதிரிப் பச்சையாய் மினுங்கியது. சனியன், இவ்வளவு வடிவா?

நௌபர் திரும்பி வந்தபோது பின்னால் குணரத்தினமும் வியர்த்து வழிய வந்தார். அவருக்கும் பின்னால் லக்சனா. கவிழ்த்த மீன்பெட்டியின் மேல் மூன்று தாள்களையும் நௌபர் பரப்பினார்.

"இது வாடியில பிடிச்சது. பச்சை ஈ. ஈர மீன், இறைச்சி எண்டா விடாது. உப்பேறிக் காய்ஞ்சா கிட்டவும் வராது. இது விடுதிக் குசினியில பிடிச்சது. சாம்பல் நிறம், முதுகில நாலு கோடு. சாணியிலயும் குப்பையிலயும் பிறக்கிற சாதி. கடிக்கத் தெரியாது. சாப்பாட்டில எச்சிலைத் துப்பி, கரைச்சுத்தான் உறிஞ்சும்."

அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருந்த குணரத்தினம் அவசரமாக வாயைத் துடைத்தார்.

"மற்றது குளியலறையில பிடிச்சது. அந்துப்பூச்சி மாதிரி மயிர் மூடின ஈ. அதுக்குத் தண்ணி போற குழாயின்ர பாசிதான் வீடும் சோறும். உங்கட குசினிக்குப் பின்னால சாணிக் குவியல் இரிக்கே ஐயா?"

"பூக்கண்டுக்கு எண்டு இறக்கினது..." குணரத்தினம் தலையைச் சொறிந்தார். "ஆனால் தங்கச்சி, சத்தியமா நான் பெட்டிசம் போடேல்ல. என்ர வெள்ளைக்காரர் உங்கட வாடியைத்தானே விழுந்து விழுந்து படம் எடுக்கினம்!"

"வாடியை மூடத் தேவையில்ல" என்றார் நௌபர். "மீன்குடலை மட்டும் உடனுக்குடன் ஆழமாப் புதையுங்க. மீனுக்கு மேல வலை போடுங்க."

கோணேஸ்வரி கடலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். கும்பிடக் கையெடுத்தவள் சட்டென்று பின்னால் மறைத்தாள். அதற்குள் நௌபர் கண்டுவிட்டார். கையில் சுற்றிய சீலைத்துண்டைச் சுற்றிப் பொடிப்பொடியாய்க் கறுப்பு ஈக்கள்.

"இது மீனுக்கு வாற சாதியில்ல அக்கா. புண்ணுக்கும் கண்ணீருக்கும் வாறது. கையைக் காட்டுங்க."

"உப்புக் கடிதானே ஐயா. எல்லாருக்கும் உள்ளது."

சீலையை அவிழ்த்தார். விரலிடுக்கெல்லாம் வெந்து, சீழ் வைத்திருந்தது.

"நாளைக்குக் காலமையே ஆஸ்பத்திரிக்குப் போகோணும். இப்பிடியே விட்டா விரல் போயிரும்."

லக்சனா விம்மினாள்.

"ஏன் பிள்ளை அழுறாய்? வாடிதான் தப்பிட்டுதே!"

"பெட்டிசம் எழுதினது நான்தான் அம்மா. வாடியை மூடினாலாவது நீங்கள் கையைக் கொண்டுபோய்க் காட்டுவியள் எண்டு நினைச்சனான்."